எலி ஒதுக்கிய உணவும் வஹாகாவின் அடுப்பும்

பசி வந்தால் உயிர்கள் உண்கின்றன என்பது யாவரும் அறிந்த விஷயம். ஆனால் பசியோடு இருக்கும்போதே, எதிரில் வைத்த ஆகாரத்தில் சிறிதளவு தின்று, உடலுக்கு அத்தியாவசியமான ஏதோ ஒரு பொருள் அதில் குறைகிறது என்று உணர்ந்து, மேற்கொண்டு தின்ன மறுத்துவிடும் சக்தியும் ஜீவராசிகளுக்கு உண்டு என்பது அவ்வளவு பிரசித்தமான விஷயம் அன்று. அந்தச் சக்தி உடலில் எங்கே குடியிருக்கிறது, எவ்வாறு தொழிற்படுகிறது என்னும் ஆராய்ச்சியில் பல பத்தாண்டுகள் ஈடுபட்டிருந்த ஊர், அமெரிக்காவில் கலிபோர்னியா ராஜ்யத்திலுள்ள டேவிஸ். அதே குறையை ஆய்வுக்கூடம் எதுவும் இல்லாமல் அடுப்படியிலேயே தீர்த்து வைத்த தேசம், அதற்குத் தெற்கே இருக்கும் மெக்ஸிகோ. இந்த இரண்டையும் ஒரே பிரயாணத்தில் பார்த்துவரும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது.

சாக்ரமென்டோ சமவெளி

ஓக்லண்ட் நகரத்தின் பக்கத்திலிருந்து புறப்படும் ரயில், முதலில் ஸான் பாப்லோ வளைகுடாவின் கரையை ஒட்டியே ஓடுகிறது. இடப்புறம் சாம்பல் நிறத் தண்ணீரும், வலப்புறம் கோடையில் காய்ந்து பொன்னிறமான குன்றுகளும் தொடர்ந்து வர, கிராக்கெட் என்னுமிடத்தில் செங்கல்லாலான பழைய சர்க்கரை ஆலை ஒன்றைக் கடந்து, நெடிய இரும்புப் பாலத்தின் மேல் ஜலசந்தியைத் தாண்டி, நாணல் அடர்ந்த சதுப்பு நிலத்தினூடே சென்ற பின்னர், பூமி திடீரென்று தட்டையாகிவிடுகிறது. அங்கிருந்து கண்ணுக்கு எட்டிய தூரம் மட்டும் வயல்களே. தஞ்சைச் சீமையில் பிறந்தவனுக்குச் சமவெளியைக் கண்டு ஆச்சரியப்பட நியாயமில்லை. ஆனால் வரப்பின் மேல் ஒரு மனிதரேனும் தென்படாத சமவெளியைக் காண்பது எனக்குப் புதிய அனுபவமாக இருந்தது.

என் எதிரே அமர்ந்திருந்தவர் அந்தப் பக்கத்து நெல் விவசாயி. வெயிலில் பழுத்த முகம், அகன்ற உள்ளங்கை, மெல்லிய பேச்சு. நீர் கட்டிய பாத்திகளின் மேல் விமானத்தைத் தாழப் பறக்கவிட்டு, ஊறவைத்த விதை நெல்லைத் தூவுவதுதான் அங்கே விதைப்பு என்று அவர் விளக்கினார். எங்கள் ஊரில் பெண்கள் வரிசையாகக் குனிந்து நாற்று நடுவதை நான் சொல்லக் கேட்டு, "ஒவ்வொரு நாற்றையும் கையாலா?" என்று வியந்து, தம் உள்ளங்கையை ஒரு கணம் பார்த்துக்கொண்டார். பிறகு, "அந்த அரிசியை எதனோடு சேர்த்துச் சாப்பிடுவீர்கள்?" என்று வினவினார். சோற்றோடு பருப்பும் குழம்பும் மோரும் சேர்வதை விவரித்தேன். வெறும் சோறு சாப்பிடுவதில்லையா என்ற கேள்விக்கு, வறுமை மிகுந்த காலத்தில் மட்டுமே என்று பதில் சொன்னேன். சாதாரணமாக நிகழ்ந்த இந்தச் சம்பாஷணையின் அர்த்தம் பிரயாணம் நீள நீளத்தான் எனக்கு விளங்கியது.

டேவிஸ்

டேவிஸ் பெரிய நகரம் அன்று. மரநிழலும் சைக்கிளும் நிறைந்த, அமைதியான சர்வகலாசாலை ஊர். அமெரிக்காவிலேயே முதன்முதலாக, 1967-ல், சைக்கிளுக்கென்று தெருவில் தனிப்பாதை வகுத்த ஊர் என்ற கீர்த்தி அதற்கு உண்டு. சர்வகலாசாலையும் ஆதியில் பண்ணைப் பள்ளியாகத் தோன்றியதே ஆகையால், இன்றும் அதன் எல்லைக்குள் மாட்டுத் தொழுவமும் திராட்சைத் தோட்டமும் இருக்கின்றன. அறுவடைக் காலமாதலால், தக்காளி ஏற்றிய லாரிகள் நெடுஞ்சாலையில் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. வளைவுகளில் சிந்திய பழங்கள் சாலையோரம் சிவப்பாகக் கிடந்தன. புத்தகசாலையின் வாயிலில், திறந்த புத்தகத்தின் மேல் மூக்கு அழுந்தக் கவிழ்ந்திருக்கும் ஒரு பெரிய வெள்ளைத் தலையைச் சிற்பி ராபர்ட் ஆர்னெஸன் வடித்து வைத்திருக்கிறார். பரீட்சைக்குப் போகும் மாணவர்கள் அதன் மூக்கைத் தடவிவிட்டுச் செல்கிறார்கள். மூளையைப் பற்றித் தெரிந்துகொள்ள வந்த எனக்கு அது பொருத்தமான வரவேற்பாகவே தோன்றியது.

பூட்டா ஓடையின் கரையிலுள்ள மரத்தோட்டத்தில், ஓக் மரமொன்றின் அடியில் போட்டிருந்த பெஞ்சியில், எலிகளுக்கு ஆகாரம் கலந்து வைக்கும் பணியில் நெடுங்காலம் இருந்து ஓய்வு பெற்ற முதியவர் ஒருவரைச் சந்தித்தேன். அந்த ஆகாரம் தானியமோ ரொட்டியோ அன்று; மாவுச்சத்து, சர்க்கரை, எண்ணெய், உப்புக்கள், வைட்டமின்கள் ஆகியவற்றோடு, புரதத்துக்குப் பதிலாக அமினோ அமிலங்களைத் தனித்தனியே நிறுத்துச் சேர்த்த வெண்ணிறத் தூள். புரதங்கள் அனைத்தும் 20 வகை அமினோ அமிலங்களால் ஆனவை. அவற்றில் 9 வகையை மனித உடல் தானே தயாரித்துக்கொள்ள இயலாது. உணவிலிருந்தே பெற்றாக வேண்டும். கொழுப்பைச் சேமித்து வைப்பது போல அவற்றைச் சேமித்து வைக்கவும் உடலுக்கு வழியில்லை. ஒன்று குறைந்தாலும் புதிய புரதம் கட்டும் வேலை தடைப்படும். மற்றவை மிகுதியாக இருந்தும் பிரயோஜனம் இல்லை.

சில நாட்கள் புரதம் குறைந்த ஆகாரத்தில் வைத்திருந்த எலிக்கு, ஒரு நாள் காலையில், த்ரியோனின் என்னும் அமினோ அமிலம் ஒன்றை மட்டும் விட்டுவிட்டு, மற்ற எல்லாம் சேர்த்த தூளை வைப்பார்களாம். அப்போது நிகழ்வதை முதியவர் வர்ணித்தது, எலி என் கண்முன் நிற்பது போலவே இருந்தது. கிண்ணத்தின் விளிம்பில் முன்னங்கால்களை ஊன்றிக்கொண்டு எலி ஆவலோடு தின்னத் தொடங்கும். மீசையெல்லாம் தூள் படியும். கொஞ்ச நேரத்தில் வேகம் குறையும். தலையைத் தூக்கிக் காற்றை முகரும். மீண்டும் ஒருமுறை வாய் வைக்கும். பின்பு கூண்டின் மூலைக்குப் போய், முகத்தைக் கைகளால் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். அரைமணிக்குள்ளாகவே இந்தத் தீர்ப்பு முடிந்துவிடும். புரதம் அறவே இல்லாத வேறொரு தூளைப் பக்கத்தில் வைத்தால், குறையுள்ள தூளை விட்டுவிட்டு எலி அதையே நாடும் என்றும் அவர் சொன்னார். "மனம் கேட்காத நாட்களும் உண்டு, ஆனால் இவ்வளவு சிறிய பிராணிக்கு இவ்வளவு பெரிய கணக்குத் தெரிகிறதே என்ற வியப்பு மட்டும் எனக்குக் கடைசிவரை தீரவில்லை" என்றார்.

இது நாவின் சாமர்த்தியமாக இருக்கலாம் என்று நாம் நினைப்பது இயல்பு. இந்தச் சர்வகலாசாலையில் பிலிப் லியுங், குவின்டன் ராஜர்ஸ் என்ற இருவரும் அறுபதுகளின் இறுதியில் செய்த சோதனை வேறு விதமாகச் சொல்லிற்று. குறைந்துபோன அமினோ அமிலத்தை, மூளைக்குச் செல்லும் கழுத்துத் தமனியின் வழியே மெல்லச் செலுத்தியபோது, எலி மறுக்காமல் உண்டது. அதே அளவை, இதயத்துக்குத் திரும்பும் கழுத்துச் சிரையில் செலுத்தியபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. ஆகவே கணக்குப் பார்க்கும் இடம் தலைக்குள்ளேதான் இருக்க வேண்டும். அவ்விருவருமே 1971-ல் அந்த இடத்தையும் அடையாளம் காட்டினார்கள். முகர்ச்சியோடு சம்பந்தப்பட்டதும், பேரிக்காய் வடிவுடையதுமான மூளைப் புறணியின் முன்பகுதியில் சேதம் ஏற்பட்ட எலிகள், குறையுள்ள ஆகாரத்தையும் பேதம் பாராட்டாமல் தின்றன.

பின்னர் டாரத்தி கீட்ஸன் என்ற அம்மையாரும் அவருடைய சகாக்களும் இவ்வாராய்ச்சியைப் பல வருஷ காலம் வளர்த்தார்கள். அந்தப் புறணிப் பகுதிக்குள், குறைந்த அமினோ அமிலத்தை மிக நுண்ணிய அளவில் செலுத்தினாலே, எலி மறுபடியும் கிண்ணத்துக்கு வந்தது. இதன் உட்காரணத்தை 2005-ல் வெளிவந்த அவர்களுடைய ஆராய்ச்சி விளக்க முற்பட்டது. நம் உடலின் ஒவ்வோர் உயிரணுவிலும், அமினோ அமிலங்களை ஏற்றிக்கொண்டு புரதம் கட்டும் தலத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் சுமை வண்டிகள் போல, ஒரு வகை ஆர்.என்.ஏ. மூலக்கூறுகள் ஓயாமல் ஓடுகின்றன. ஏதேனும் ஓர் அமினோ அமிலம் கிடைக்காதபோது, அதற்குரிய வண்டிகள் ஏற்றச் சரக்கில்லாமல் வெறுமையாகத் தேங்குகின்றன. அந்தத் தேக்கத்தை ஜி.சி.என்.2 என்னும் நொதி உணர்ந்து, புரதம் கட்டும் வேலையைப் பொதுவாக மட்டுப்படுத்துகிறது. அந்தப் பகுதியின் நரம்பணுக்களும் கிளர்ச்சியடைந்து, உண்பதை நிறுத்தும்படி மூளையின் மற்றப் பாகங்களுக்குச் செய்தி அனுப்புகின்றன. அதே வருஷத்தில் பிரெஞ்சு தேசத்து விஞ்ஞானிகளும், ஜி.சி.என்.2 இல்லாத சுண்டெலிகள் லியூசின் இல்லாத ஆகாரத்தை அவ்வாறு ஒதுக்குவதில்லை என்று கண்டார்கள். ரொட்டி புளிக்கவைக்கும் ஈஸ்டிலும் இந்த நொதி இருக்கிறதென்றால், இந்த எச்சரிக்கை எவ்வளவு புராதனமானது என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

சான்பிரான்ஸிஸ்கோ

டேவிஸிலிருந்து சான்பிரான்ஸிஸ்கோவுக்குத் திரும்பியபோது, உலர்ந்த வெப்பம் மறைந்து, கடலிலிருந்து எழுந்த பனிமூட்டம் குன்றுகளை மூடியிருந்தது. இந்த நகரத்தின் மருத்துவ சர்வகலாசாலையிலிருந்து 2016-ல் வெளிவந்த ஒரு கட்டுரை, டேவிஸ் கண்ட முடிவை மறு பரிசீலனைக்கு உட்படுத்தியது. உணவின் அமினோ அமிலக் குறையைச் சுண்டெலிகள் விரைவில் உணர்வதற்கு ஜி.சி.என்.2 இன்றியமையாதது அன்று என்பதே அதன் சாரம். நரம்பியல் பயிலும் ஓர் இளம் பெண்மணியிடம், இவ்விரண்டில் எதை நம்புவது என்று கேட்டேன். மிஷன் பேட்டையில், மெக்ஸிகோக்காரர்கள் நடத்தும் சிறு போஜனசாலையில், அவரைப் பருப்பும் சோறும் பொதிந்து சுருட்டிய பெரிய ரொட்டி எங்கள் முன் ஆவி பறக்க இருந்தது.

"எலி மறுக்கிறது என்பதில் எவருக்கும் சந்தேகம் இல்லை, எந்த மணியை அடித்து மறுக்கிறது என்பதில்தான் வாதம். ஒரே மணி இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லையே!" என்றார் அந்தப் பெண்மணி. பழ ஈயின் புழுக்களிலும், மூளையின் சில டோபமின் நரம்பணுக்கள் இதே நொதியைக் கொண்டு குறையுள்ள ஆகாரத்தை ஒதுக்குவதை 2014-ல் கண்டிருப்பதை எடுத்துச் சொன்னார். புரதம் குறையும்போது கல்லீரல் எஃப்.ஜி.எஃப்.21 என்ற ஹார்மோனைச் சுரந்து மூளைக்குத் தெரிவிக்கிறது என்பதையும் விவரித்தார். உடலுக்கு உயிர்நாடியான ஒரு விஷயத்தில் இயற்கை ஒரே காவலாளியை நம்பி இருப்பதில்லை என்ற அவருடைய கருத்து எனக்கு ஏற்புடையதாகவே பட்டது. ஓர் ஆய்வுச்சாலையில் கண்ட உண்மையை இன்னோர் ஆய்வுச்சாலையில் சோதிப்பதும், மாறுபட்டால் அதைப் பகிரங்கமாக எழுதுவதும் சாஸ்திரத்தின் பலவீனம் அல்ல, அதன் தர்மம். மனிதனிடத்தில் இந்த ஏற்பாடு இதே வேகத்தில் இயங்குகிறது என்று இன்னும் யாரும் நிலைநாட்டவில்லை என்பதையும் அவர் மறக்காமல் சேர்த்துச் சொன்னார்.

பேச்சு முடிந்தபோது தட்டும் காலியாகியிருந்தது. தானியத்தில் குறைவாக இருக்கும் லைசின் என்னும் அமினோ அமிலம் பயறு வகைகளில் நிறைந்திருக்கிறது. பயறு வகைகளில் குறைவான மெதியோனின் தானியத்தில் போதிய அளவு இருக்கிறது. எங்களுக்குப் பரிமாறிய அம்மாளுக்கு இந்தப் பெயர்கள் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. அவர்களுடைய தேசத்துக்கே போய்ப் பார்த்துவிடுவது என்ற ஆவல் எனக்கு அங்கேதான் உறுதிப்பட்டது.

டெஸ்கோகோ

மெக்ஸிகோ நகரம் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 2,240 மீட்டர் உயரத்தில், வற்றிப்போன ஏரிப் படுகையில் அமைந்திருக்கிறது. அதன் கிழக்கே, மலைகளின் அடிவாரத்தில் உள்ளது டெஸ்கோகோ. அதன் சந்தையில், கற்றாழை மடல் சுற்றிக் குழியடுப்பில் வெந்த ஆட்டிறைச்சியை வாங்கக் கூட்டம் நெருக்கியடித்தது. மரக்கறி உணவே பழகிய எனக்கு, பூசணிப்பூவை வைத்து மடித்துச் சுட்ட மக்காச்சோள ரொட்டி கிடைத்தது. எங்கள் வீட்டுக் கூரையில் பூசணி படர்ந்திருந்த நாட்களில் அதன் பூவை மார்கழிக் கோலத்தில் வைக்கக் கண்டிருக்கிறேனே தவிர, வாட்டி உண்ணலாம் என்று அறிந்ததில்லை; மென்மையும் மணமும் கூடிய அந்த ருசி நெஞ்சில் நிற்கிறது.

டெஸ்கோகோவுக்கு அருகே எல் படான் என்னும் இடத்தில், 1966-ல் ஸ்தாபிதமான சர்வதேச மக்காச்சோள, கோதுமை அபிவிருத்தி நிலையம் இருக்கிறது. சுமார் 28,000 மக்காச்சோள வகைகளின் விதைகளை அங்கே கடுங்குளிரில் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். மக்காச்சோளத்தின் புரதத்தில் பெரும்பங்கு ஸீன் எனப்படும் புரதம். அதில் லைசினும் டிரிப்டோஃபேனும் இல்லை என்றே சொல்லலாம். இதை 1914-ல் கனெக்டிகட் விவசாய ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த ஆஸ்பார்ன், யேல் சர்வகலாசாலையைச் சேர்ந்த மெண்டல் என்ற இருவரும் எலிகளைக் கொண்டே நிரூபித்தார்கள். ஸீனை மட்டுமே புரதமாகப் பெற்ற எலிகள் எடை குறைந்து வாடின; டிரிப்டோஃபேனைச் சேர்த்ததும் எடை நிலைத்தது; லைசினையும் சேர்த்த பிறகே அவை வளர்ந்தன.

இந்தக் குறையை விதையிலேயே தீர்க்க முடியுமா என்ற கேள்விக்கு, 1964-ல் அமெரிக்காவின் பர்டூ சர்வகலாசாலை ஒரு வழி காட்டிற்று. 'ஒபேக்-2' என்னும் மரபுக்கூறு அமைந்த மக்காச்சோளத்தில் லைசின் மிகுந்திருக்கக் கண்டார்கள். ஆனால் அந்த மணி சுண்ணாம்பு போல் மிருதுவாக இருந்தது. விளைச்சலும் குறைவு, வண்டும் எளிதில் துளைத்தது. விவசாயிகள் அதை ஏற்கவில்லை. இந்தியரான சுரிந்தர் வாஸல், மெக்ஸிகோவைச் சேர்ந்த ரஸாயன நிபுணர் எவாஞ்சலினா வில்யேகாஸ் அம்மையார் ஆகிய இருவரும், இந்த நிலையத்தில் பல வருஷங்கள் சலியாமல் உழைத்து, கெட்டியான மணியும் உயர்ந்த புரதமும் ஒருங்கே அமைந்த மக்காச்சோளத்தை உருவாக்கினார்கள். சாதாரண மக்காச்சோளத்தில் உள்ளதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு லைசினும் டிரிப்டோஃபேனும் கொண்ட அந்தச் சாதனைக்காக, 2000-ஆம் ஆண்டில் உலக உணவுப் பரிசு அவர்களுக்குக் கிடைத்தது. அப்பரிசைப் பெற்ற முதல் பெண்மணி வில்யேகாஸ் அம்மையாரே.

அந்த வேலையின் ஒரு துளியை விதைத் தொழில் பழகிய ஒரு முதியவர் எனக்குக் காட்டினார். அடியில் விளக்கெரியும் கண்ணாடிப் பலகையின் மேல் ஒரு கைப்பிடி மணிகளைப் பரப்பினார். சில மணிகள் ஒளி ஊடுருவித் தேன் நிறத்தில் மின்னின. சில, ஒளியை முற்றிலும் மறைத்துக் கரிய புள்ளிகளாகக் கிடந்தன. வேறு சில, பாதி தெளிந்தும் பாதி மங்கியும் காணப்பட்டன. முதியவர் தம் விரல் நுனியால் அந்த மூன்றாம் வகையை ஒவ்வொன்றாக ஒதுக்கினார். கெட்டித்தன்மை திரும்பிக்கொண்டிருப்பதற்கு அந்தப் பாதித் தெளிவே அடையாளம். ரஸாயனப் பரிசோதனையில் சத்தும் குன்றாதிருந்தால் அந்த மணி அடுத்த பருவத்து விதையாகும். பல்லாயிரம் மணிகளை இவ்வாறு கண்ணால் பிரித்தெடுத்த கைகளுக்கு உலகம் எவ்வளவோ கடமைப்பட்டிருக்கிறது.

வஹாகா

தெற்கே வஹாகா பள்ளத்தாக்கில் மழைக்காலம். நகரத்தின் பழைய கட்டிடங்கள் இளம்பச்சைக் கல்லால் ஆனவை. மழை நனைத்தபோது அந்தக் கல் இன்னும் பசுமையாயிற்று. ஞாயிற்றுக்கிழமைகளில் த்லாகொலூலா என்னும் ஊரில் கூடும் சந்தைக்கு, சுற்றுவட்டாரத்து ஸபோடெக் மக்கள் விடியற்காலையிலேயே வந்து சேர்கிறார்கள். பூவேலை செய்த மேலங்கியும் பின்னலில் முடிந்த நாடாவுமாகப் பெண்கள் தரையில் கடைவிரித்திருந்தார்கள். கறுப்பு, சிவப்பு, மஞ்சள், வெள்ளை என்று நான்கு நிறத்து மக்காச்சோளமும், கறுப்பு அவரை விதையும், எலுமிச்சை பிழிந்து வறுத்த வெட்டுக்கிளியும், மக்காச்சோளமும் கொக்கோவும் கலந்து நுரை பொங்கக் கரைத்த தேஹாதே பானமும் அங்கே விலைக்கு இருந்தன.

சந்தைக்குப் பின்புறத்துத் தெருவில் ஒரு குடும்பத்தினர் என்னைத் தங்கள் சமையற்கட்டுக்கே அழைத்துச் சென்றார்கள். வீட்டுப் பாட்டிக்கு ஸபோடெக் மொழியே பேச்சு. பேத்தி அதை எனக்குப் பெயர்த்துச் சொன்னாள். முன்னிரவிலேயே மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் கொதிக்கவிட்டு அப்படியே ஊற வைத்திருந்தார்கள். பாட்டி ஒரு மணியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, கட்டைவிரலால் தேய்க்கச் சொன்னாள். மேல்தோல் மெல்லிய சவ்வாக வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. உள்ளே வெண்ணிற மணி, நுனியில் முளைக்கருவோடு பளிச்சென்று தெரிந்தது. கைக்குச் சுண்ணாம்பு மணமும் வேகவைத்த தானியத்தின் மணமும் ஏறியிருந்தன. பலமுறை கழுவி, கருங்கல் அம்மியில் முட்டிக்கால் ஊன்றி அரைத்து, உள்ளங்கையால் தட்டி, மண் ஓட்டின்மேல் போட்டாள். ரொட்டி உப்பி எழுந்தது. அதன்மேல், வெண்ணெய்ப்பழ மரத்தின் இலை சேர்த்து அரைத்த கறுப்பு அவரைக் குழம்பைத் தடவி என்னிடம் நீட்டினாள். சோம்பு மணம் கமழும் அந்தக் கரிய குழம்பும், சூடான ரொட்டியும், பக்கத்தில் ஒரு பச்சை மிளகாயும் சேர்ந்து பரிபூரணமான விருந்தாயிருந்தன.

அவரை இல்லாத நாளில் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். பாட்டி சற்று யோசித்துவிட்டு, "அவரை இல்லாத நாள் இருந்தது, அது பஞ்ச காலம். அப்போது ரொட்டி இருந்தும் பிள்ளைகள் தெம்பில்லாமல் கிடந்தார்கள்" என்றாள். பேத்தி அதை மொழிபெயர்த்தபோது அவள் குரல் தாழ்ந்துவிட்டது.

சுண்ணாம்பு செய்யும் உபகாரம் சாமானியமானதன்று. மக்காச்சோளத்தில் உடலுக்கு எட்டாமல் பிணைந்திருக்கும் நியாஸின் என்னும் வைட்டமினை அது விடுவிக்கிறது, கால்சியத்தையும் சேர்க்கிறது. கடல் கடந்து ஐரோப்பாவுக்குப் போன மக்காச்சோளம் இந்தப் பக்குவத்தைக் கூட அழைத்துச் செல்லவில்லை. விளைவு, 1735-ல் ஸ்பெயினின் அஸ்துரியாஸ் பிரதேசத்தில் காஸ்பர் காஸல் என்ற வைத்தியர், ஏழை விவசாயிகளின் தோல் சிவந்து வெடிக்கும் ஒரு நோயை விவரித்தார். அதுவே 1771-ல் இத்தாலியில் பெலாக்ரா என்ற பெயரைப் பெற்றது. தோலைத் தாக்கி, வயிற்றைக் கெடுத்து, இறுதியில் புத்தியையும் குலைத்து, உயிரையும் கொண்டுபோகும் அந்நோய், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென் ராஜ்யங்களைப் பீடித்தது. அது தொற்று அன்று, ஏழைகளின் உணவுக் குறையே காரணம் என்று டாக்டர் ஜோஸப் கோல்ட்பர்கர் 1914 முதல் எடுத்துக்காட்டி வந்தார். 1937-ல் நியாஸினே மருந்து என்று தெரிந்தது. டிரிப்டோஃபேனிலிருந்து உடல் நியாஸினைச் சிறிது தயாரித்துக்கொள்ளும் என்பது பின்னர் விளங்கிற்று. நம் நாட்டிலும், 1918-ல் சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலன், சோளத்தையே நம்பி வாழும் தக்காணத்து ஏழைகளிடம் இந்நோயைக் கண்டு, சோளப் புரதத்தில் லியூசின் அளவு மீறி இருப்பதே அதற்குக் காரணம் என்ற கொள்கையை வெளியிட்டார். ஓர் அமினோ அமிலம் குறைவதைப் போலவே, மற்றொன்று மிகுவதும் நிறையைக் குலைக்கும் என்பதை அவருடைய ஆராய்ச்சி நினைவூட்டுகிறது.

மித்லா

த்லாகொலூலாவிலிருந்து மித்லாவுக்குச் செல்லும் பாதையின் ஓரத்துக் குன்றுகளில் கிலா நகிட்ஸ் என்னும் குகை இருக்கிறது. அங்கே கிடைத்த பூசணி விதைகள் சுமார் 10,000 ஆண்டுகளும், மக்காச்சோளக் கதிர்கள் சுமார் 6,250 ஆண்டுகளும் பழமையானவை. 2010 முதல் யுனெஸ்கோவின் பாரம்பரியப் பட்டியலில் இந்தக் குகைப் பிரதேசம் இடம் பெற்றிருக்கிறது. குன்றின் அடிவாரத்தில் ஒரு குடியானவரின் மில்பா வயலைக் கண்டேன். மக்காச்சோளத் தண்டு நிமிர்ந்து நிற்க, அவரைக்கொடி அதைச் சுற்றி ஏற, பூசணியிலை நிலத்தை மூடிப் படர்ந்திருந்தது. தட்டில் சேர்பவை வயலிலேயே சேர்ந்திருக்கின்றன. எங்கள் ஊர்ப் பக்கத்து வரப்புகளில், நெல்லுக்குப் பக்கத்தில் உளுந்தும் துவரையும் விதைத்திருந்த காலம் என் நினைவுக்கு வந்தது. சோற்றுக்குப் பருப்பையும், இட்லிக்கு உளுந்தையும், பொங்கலுக்குப் பாசிப்பருப்பையும் கூட்டிய நம் முன்னோரும், இந்த மலைநாட்டு மக்களும், ஒருவரை ஒருவர் அறியாமலே ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்கள்.

இந்தப் பிரயாணம் முழுவதும் என் மனத்தில் வலுப்பெற்று வந்த எண்ணத்தைச் சொல்லி முடிக்கிறேன். டேவிஸில் எலிக்கு வைத்த கிண்ணத்தை அது மறுக்க முடிந்தது. வேறு கிண்ணம் வைப்பதற்கு அருகில் ஒரு மனிதர் இருந்தார். அஸ்துரியாஸின் குடியானவனுக்கும், அமெரிக்கத் தென்னாட்டின் கூலியாளுக்கும், தக்காணத்து ஏழைக்கும் வேறு கிண்ணம் இருக்கவில்லை. குறையை அறியும் புத்தியை இயற்கை கொடுத்திருந்தாலும், அந்தப் புத்தியின்படி நடக்க இரண்டாவது பதார்த்தம் ஒன்று வேண்டும். அதை அளிப்பது இயற்கையின் வேலை அன்று, சமூகத்தின் கடமை. குழந்தை தட்டைத் தள்ளுவதெல்லாம் அமினோ அமிலத்தால்தான் என்று சொல்வதற்கில்லை. எனினும் வெறும் சோற்றால் வயிறு நிறைந்துவிட்டது என்று நாம் திருப்தி கொள்வதற்கும் இல்லை. ஆதலால், வாசகர்களை நான் கேட்டுக்கொள்வது இதுதான்: ரேஷன் கடையிலும், பள்ளிக்கூடத்துச் சத்துணவிலும், உங்கள் வீட்டில் வேலை செய்வோரின் தட்டிலும், அரிசி எவ்வளவு என்று கேட்கும்போதெல்லாம் பருப்பு எவ்வளவு என்பதையும் சேர்த்துக் கேளுங்கள், குறைந்தால் நிறைவு செய்யும்வரை விடாமல் கேளுங்கள்.